ஏழை விவசாயியின் உரம் எது?

(தெள்ளாரில் விவசாயத் தொழிலாளரும் நெசவாளரும் ஆலைத் தொழிலாளரும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தெள்ளாறு என்றதும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நந்திவர்மன் பெயரைச் சொல்வார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மன் இங்கே பாண்டியனை வென்றான். 'தெள்ளாறெறிந்த' என்ற பட்டம் அவனுக்குக் கிடைத்தது. 1760இல் பக்கத்து வந்தவாசியில் ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் மோதிக்கொண்டார்கள். மன்னர்கள் வந்தார்கள், போனார்கள். கும்பினிகள் வந்தன, போயின. ஏரிக்குக் கீழே கழனியில் இறங்கிச் சேறு மிதித்த ஜனங்களின் பெயரை மட்டும் யாரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. அந்த ஜனங்களின் காலடியில் கிடக்கும் மண்ணைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் அடுத்தவர் நிலத்தில் ஆயுள் முழுவதும் நடவு நட்டவர்கள். சிலருக்கு இப்போதுதான் ஓர் ஏக்கரோ அரை ஏக்கரோ கைக்கு வந்திருக்கிறது. 2006இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் நிலமற்ற ஏழைகளுக்கு இரண்டு ஏக்கர் வரை தரிசு நிலம் தருவதாகச் சொல்லிப் பலருக்குப் பட்டா கொடுத்தார்கள். சிலர் வாய்ப்பேச்சில் குத்தகைக்குப் பிடித்திருக்கிறார்கள். இன்னும் சிலர் ஆலை மூடியதால் ஊர் திரும்பியவர்கள். சென்னையில் பக்கிங்காம்-கர்நாடிக் மில் 1996இல் மூடப்பட்டதே, அதைப் போல ஒவ்வோர் ஆலை மூடும்போதும் தொழிலாளி திரும்பிப் பார்ப்பது தன் ஊர் மண்ணைத்தான்.

இவர்கள் எல்லோரும் புதிதாக ஏர் பிடிக்கிறவர்கள். இவர்களுக்கு முதல் வருஷமே வாழ்வா சாவா என்கிற வருஷம். கையில் முதல் கிடையாது. உரக்கடையில் கடன் சொல்லி மூட்டை எடுக்கிறார்கள். அறுவடை ஆனதும் நெல் களத்திலிருந்தே கடனுக்குப் போய்விடுகிறது. இரண்டு வருஷம் இப்படி ஓடினால் மூன்றாம் வருஷம் நிலம் வேறொருவன் கைக்குப் போய்விடும். ஆகவே ஒரு கேள்வி கேட்கிறேன். கடன் வாங்கி உரம் போடுவதற்கு முன்னால், நாமே வளர்த்துப் போடக்கூடிய உரம் உண்டா?

உண்டு. பசுந்தாள் உரம்.

மல்லாட்டை வேரில் உள்ள முடிச்சு

மணிலாக்கொட்டை பிடுங்கும் கூலிக்குப் போன தாய்மார்கள் இங்கே ஏராளம். நாம் மல்லாட்டை என்போம். செடியைப் பிடுங்கி மண் உதறும்போது வேரில் கடுகுபோலச் சிறு முடிச்சுகள் தெரியும். பார்த்திருப்பீர்கள். நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது வியாதி என்று சிலர் நினைக்கிறார்கள். அது வியாதியல்ல. அதுதான் செடியின் உரத் தொழிற்சாலை!

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். தழை தழைக்க வேண்டிய சத்து அதுதான். ஆனால் நெல்லால் அதைக் காற்றிலிருந்து எடுக்க முடியாது. தலைக்குமேல் கடலாக நிறைந்திருந்தும் நெற்பயிர் பட்டினி கிடக்கிறது. பயறு வகைச் செடியோ தன் வேரில் ஒரு நுண்ணுயிருக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது. செடி அதற்குச் சர்க்கரை தருகிறது. அது காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. முடிச்சு சிவந்திருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். வெளுத்துக் கிடந்தால் ஆலை ஓடவில்லை என்று அர்த்தம்.

ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்பார்த் என்ற இரு விஞ்ஞானிகள் 1880களில் இதை நிரூபித்தார்கள். அதற்கு வெகுகாலம் முன்பே நம் ஜனங்கள் கொளுஞ்சியையும் அவுரியையும் கழனியில் மிதித்தார்கள். காரணம் தெரியாமலிருக்கலாம், பலன் தெரிந்திருந்தது.

எந்த மண்ணுக்கு எந்த விதை?

நிலம் புதிதாகக் கிடைத்தவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். எல்லா விதையும் எல்லா மண்ணுக்கும் ஒத்து வராது.

ஏரிப் பாசனக் கழனி, தண்ணீர் தேங்கும் களிமண், உவர் தட்டிய நிலம் - இவற்றுக்குத் தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ விதை. காலில் தண்ணீர் நின்றாலும் தாங்கும். கோடையில் ஒரு நல்ல மழை விழுந்ததும் உழுது விதைக்கலாம். அது தவறினால் ஆனி மழையில் விதைத்து, ஆவணியில் மடக்கி உழுது, சம்பா நடலாம்.

தண்ணீர் தேங்காத செம்மண்ணுக்கும் வண்டலுக்கும் சணப்பை. ஏக்கருக்கு 10 முதல் 15 கிலோ போதும். வேகமாக எழும்பி நிலத்தை மூடிக்கொள்ளும். ஆனால் வேரில் தண்ணீர் நின்றால் செத்துவிடும். நாள் தவறினால் தண்டு நாராகிவிடும். கயிறு திரிக்கும் சணப்பை இதுதானே! நார் ஏறிய பிறகு உழுதால் மண்ணில் மக்க நாளாகும்.

மணற்பாங்கான, மழையை நம்பிய நிலத்துக்குக் கொளுஞ்சி. ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை. முளைத்து வர மெதுவாகத்தான் வரும். ஆனால் வறட்சி தாங்கும். ஆடுமாடு அதிகம் வாய் வைக்காது. ஒருமுறை விதைத்து, கொஞ்சம் செடியை நெற்று உதிர விட்டால், அடுத்த வருஷம் தானாகவே முளைக்கும். விதைத் தோல் கடினமானது. விதையை மணலோடு கலந்து உரலில் இலேசாகத் தேய்த்து, தோல் கீறிய பிறகு விதையுங்கள். இல்லாவிட்டால் பாதி விதை மண்ணுக்குள் தூங்கும்.

சம்பா அறுவடைக்குப் பிறகு கழனியில் ஈரம் மிச்சம் இருக்குமே, அந்த ஈரத்தைக் காற்றுக்குக் கொடுப்பானேன்? அறுவடைக்குச் சில நாள் முன்பே நிற்கும் பயிருக்குள் பில்லிப்பயறு தூவலாம். ஏக்கருக்கு 4 முதல் 6 கிலோ. மாட்டுக்கு ஒருமுறை தீவனம். மீண்டும் தழைத்தது மண்ணுக்கு.

மேட்டுக் கொல்லை வைத்திருப்பவருக்குக் காராமணியும் கொள்ளும் இருக்கின்றன. காய் பறித்துக் குழம்பு வைத்துவிட்டுச் செடியை உழுதாலும் மண்ணுக்குப் பலன் உண்டு. ஆனால் சத்தில் ஒரு பங்கு காயோடு போய்விடும். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், மண்ணுக்கும் வேண்டும் என்கிற ஏழைக்கு இது நியாயமான பங்கீடு.

அவுரி சொல்லும் கதை

அவுரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திண்டிவனம் பக்கத்தில் இன்றும் சாயத்துக்காக அவுரி பயிராகிறது. அதுவும் வேரில் முடிச்சுள்ள செடிதான்.

நூல் தொழிலாளிக்கு நீலச் சாயம் தெரியும். அந்த நீலத்துக்காக வங்காளத்து விவசாயியைத் தோட்ட முதலாளிகள் அடித்து அவுரி பயிரிடச் செய்தார்கள். 1859இல் அங்கே விவசாயிகள் எதிர்த்து எழுந்தார்கள். 1917இல் பீகாரில் சம்பாரண் விவசாயிகளின் போராட்டமும் இதே அவுரியால் வந்ததுதான். 1897இல் ஜெர்மானியக் கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு இந்திய அவுரி வியாபாரம் சரிந்தது.

ஆனால் சாயத் தொட்டியில் மிஞ்சும் அவுரித் தழைச் சக்கை எங்கே போயிற்று? நெல் கழனிக்கு உரமாகப் போயிற்று. ஒரே செடி, யாருக்காகப் பயிராகிறது என்பதைப் பொறுத்து, ஓரிடத்தில் விவசாயியின் கழுத்தில் கயிறாயிற்று. இன்னோரிடத்தில் அவன் மண்ணுக்குச் சோறாயிற்று. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விதையைப் பற்றிப் பேசும்போது மறுபடி உதவும்.

மடக்கி உழுவது எப்படி?

விதைத்த 45ஆம் நாளிலிருந்து கவனியுங்கள். செடி பூவெடுக்கத் தொடங்கும் தருணம்தான் சரியான தருணம். தண்டு இளசு, தழை அதிகம், சத்தும் அதிகம். 'இன்னும் கொஞ்சம் வளரட்டுமே' என்று ஆசைப்பட்டால் தண்டு முற்றிவிடும்.

கழனியில் தண்ணீர் கட்டி, செடியைச் சாய்த்து, சேற்றுக்குள் அமிழும்படி உழ வேண்டும். முன்பு ஏர் ஓட்டி, காலால் மிதித்தோம். இன்று டிராக்டரில் கேஜ் வீல் கட்டி ஒரே நாளில் முடிக்கிறார்கள். பத்துப் பேர் சேர்ந்து ஒரே நாளில் வண்டியை வரவழைத்தால் தலைக்கு வாடகை குறையும்.

உழுத மறுநாளே நடக்கூடாது. தழை அழுகும்போது சூடும் வாயுவும் கிளம்பும். இளம் நாற்றின் வேர் கருகும். ஒரு வாரம் பத்து நாள் பொறுத்திருந்து நடுங்கள். தண்டு முற்றியிருந்தால் இன்னும் சில நாள் விடுங்கள்.

செலவில்லாத இன்னொரு யோசனை. புது நிலத்தில் தக்கைப்பூண்டின் வேரில் முடிச்சு விழாமல் போகலாம். அந்த மண்ணில் அதற்குரிய நுண்ணுயிர் இருக்காது. வேளாண் அலுவலகத்தில் ரைசோபியம் பொட்டலம் கிடைத்தால் ஆறிய கஞ்சியில் கலந்து விதையோடு பிசையுங்கள். கிடைக்காவிட்டால், நன்றாகத் தக்கைப்பூண்டு விளைந்த கழனியிலிருந்து இரண்டு கூடை மண் எடுத்து வந்து தூவுங்கள்.

ஒரு தாய் கேட்கலாம்: 'பயிர் நிலத்தை மூடிக்கொண்டால் களை குறையும் என்கிறீர்களே, களையெடுப்புக் கூலி போய்விடாதா?' நியாயமான கேள்வி. பெரிய பண்ணைகளில் களைக்கொல்லி மருந்து வந்து அந்தக் கூலியை ஏற்கெனவே வெட்டிவிட்டது. அதற்கு வழி கூலிக்கும் வேலைநாளுக்கும் நாம் ஒன்றுசேர்ந்து போராடுவது. ஆனால் நம் சொந்த அரை ஏக்கரில் களை எடுத்தால் நமக்கு யார் கூலி தருகிறார்கள்? அங்கே மிச்சமாகும் நாள் நமக்கு மிச்சம்.

உண்மையிலேயே மலிவா?

இப்போது கணக்குக்கு வருவோம். மேடையில் நின்று 'செலவே இல்லை' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கணக்குப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள்.

ஒரு மூட்டை யூரியா 45 கிலோ. நாம் கொடுக்கும் விலை ரூ. 266.50. அதில் நைட்ரஜன் நூற்றுக்கு 46 பங்கு. அதாவது மூட்டைக்குச் சுமார் 20 கிலோ. நன்றாக வளர்ந்த ஓர் ஏக்கர் தக்கைப்பூண்டு தரும் நைட்ரஜன் இந்த ஒரு மூட்டைக்குக் குறையாது. சரி, ஏக்கருக்கு வேண்டிய 20 கிலோ விதையைக் கடையில் வாங்கினால் என்ன ஆகும்? ஒரு மூட்டை யூரியா விலையைவிட அதிகமாகத்தான் ஆகும். உழவுக் கூலி வேறு. வெறும் நைட்ரஜன் கணக்கு மட்டும் பார்த்தால் கடை விதை மலிவல்ல. இதை மறைத்துப் பேசுவதில் பயன் இல்லை.

ஆனால் யூரியா மலிவாக இருப்பது ஏன்? விலையில் பெரும்பகுதியைச் சர்க்கார் மானியமாகக் கொடுக்கிறது. மானியக் கை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை டி.ஏ.பி. உரத்தில் பார்த்தோம். 2021 மே மாதம் உலகச் சந்தையில் விலை ஏறியபோது, மூட்டைக்கு 500 ரூபாயாக இருந்த மானியத்தை மத்திய சர்க்கார் 1,200 ரூபாயாக உயர்த்த வேண்டியதாயிற்று. அப்படியும் மறு வருஷம் மூட்டை 1,350 ரூபாய் ஆகிவிட்டது. நடவு நேரத்தில் மூட்டை கிடைக்காமல் வரிசையில் நிற்பதும், 'யூரியா வேண்டுமானால் இந்த டப்பாவையும் சேர்த்து வாங்கு' என்று கடைக்காரர் கட்டாயப்படுத்துவதும் நமக்குப் புதிதல்ல.

மேலும், யூரியா பயிருக்கு நைட்ரஜன் தரும். மண்ணுக்கு மக்கு தராது. மக்கு இல்லாத மண்ணில் மழைத் தண்ணீர் நிற்காது. தண்ணீர் நிற்காத கொல்லை பத்து நாள் வெயிலுக்கே வாடும். பசுந்தாள் தருவது ஒரு மூட்டை உரத்தோடு ஒரு கூடை மண் வளமும் சேர்த்து.

அப்படியானால் இதை ஏழைக்கு மலிவாக்குவது எப்படி? விடை ஒன்றுதான். விதை நம் கையில் இருக்க வேண்டும்!

தக்கைப்பூண்டை உழாமல் நெற்று முற்ற விட்டால் ஏக்கருக்கு 200 கிலோ விதைகூடக் கிடைக்கும். அப்படியானால் ஓர் ஏக்கருக்கு வேண்டிய 20 கிலோ விதைக்கு எவ்வளவு இடம் வேண்டும்? 10 சென்ட்! 10 சென்ட்டும் ஒதுக்க முடியாதவர் வரப்போரம் வரிசையாக விதைத்து நெற்று எடுக்கலாம். முதல் வருஷம் ஒரு முறை காசு கொடுத்து வாங்குங்கள். இரண்டாம் வருஷம் உங்கள் விதை. மூன்றாம் வருஷம் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கொடுக்க விதை.

பத்துக் குடும்பம் சேர்ந்தால் இன்னும் சுலபம். ஒருவர் தக்கைப்பூண்டு, ஒருவர் சணப்பை, ஒருவர் கொளுஞ்சி என்று விதைக்கு விடட்டும். அறுவடையில் பகிர்ந்துகொள்ளட்டும். வாங்கியவர் அடுத்த வருஷம் வாங்கிய அளவைத் திருப்பிக் கொடுக்கட்டும். வட்டியில்லாத வங்கி அது. அவுரிக் கதையை நினைவில் வைக்கச் சொன்னேனே, அதன் பொருள் இதுதான். விதை வியாபாரியின் கையில் இருந்தால் நாம் வருஷாவருஷம் வாங்குபவர்கள். நம் கையில் இருந்தால் வளர்ப்பவர்கள்.

யூரியாவை எறிந்துவிடலாமா?

கூடாது! இதை அழுத்திச் சொல்கிறேன்.

2021 ஏப்ரலில் இலங்கையில் அன்றைய ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச ரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்வதாக அறிவித்தார். மாற்று உரத்துக்கு விவசாயிகளைத் தயார்ப்படுத்தவில்லை, அவகாசமும் தரவில்லை. நெல் விளைச்சல் விழுந்தது. தேயிலைத் தோட்டங்களும் அடிபட்டன. அங்கே கொழுந்து பறிக்கும் நம் தமிழ்த் தாய்மார்களின் கூலிதான் அதில் மாட்டிக்கொண்டது. அந்த நவம்பரிலேயே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. மேலிருந்து ஒரே உத்தரவில் மண்ணை மாற்ற முடியாது என்பதற்கு இதைவிடப் பாடம் வேண்டாம்.

ஆகவே ஒரு பகுதியில் தொடங்குங்கள். பசுந்தாள் மடக்கிய கழனியில் யூரியாவை ஒரு மூட்டை குறைத்துப் பாருங்கள். பயிரின் நிறத்தைப் பாருங்கள். வேண்டுமானால் பிறகு போடுங்கள். வருஷத்துக்கு வருஷம் மண் தேறத் தேற மூட்டை குறையும்.

நிலம் யாருடையது என்ற கேள்வி

கடைசியாக ஒன்று. பசுந்தாளின் பலன் ஒரு போகத்தோடு முடிவதில்லை. அதனால்தான் குத்தகைக்காரர் தயங்குகிறார். 'நான் தழை மடக்கி மண்ணைத் தேற்றுவேன். மண் தேறியதும் சொந்தக்காரர் நிலத்தைத் திருப்பிக் கேட்பார். எனக்கென்ன?' என்கிறார். இந்தத் தயக்கத்தைச் சோம்பல் என்று எந்த அதிகாரியும் சொல்லக் கூடாது. இது அனுபவம்.

1955இல் சாகுபடியாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1956இல் நியாயக் குத்தகைச் சட்டம் வந்தது. 1969இல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. சட்டம் இருந்தும் வாய்ப்பேச்சுக் குத்தகை ஒழியவில்லை. பதிவு இல்லாதவர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை.

2024-25ஆம் ஆண்டு தமிழ்நாட்டு வேளாண் பட்ஜெட்டில் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம் என்ற திட்டத்தை அறிவித்தார்கள். அதில் 2 லட்சம் ஏக்கரில் பசுந்தாள் உரப் பயிர் வளர்க்க 20 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். ஏக்கருக்கு 1,000 ரூபாய் என்று கணக்காகிறது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் மானியம் கேட்டுப் போனால் முதல் கேள்வி 'சிட்டா எங்கே, அடங்கல் எங்கே?' என்பதுதான். உழுகிறவன் கையில் காகிதம் இல்லாவிட்டால், மண்ணுக்குப் போக வேண்டிய விதை காகிதம் உள்ளவன் வீட்டுக்குப் போகும்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது தெளிவானது. உண்மையில் உழுகிறவருக்கு விதை கிடைக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்துச் சாகுபடியாளர் பெயரை அடங்கலில் எழுத வேண்டும். குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும். 1892இல் வெள்ளைச் சர்க்கார், செங்கற்பட்டு கலெக்டராயிருந்த திரெமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் பேரில், தாழ்த்தப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் எத்தனை கைகளுக்கு மாறிப் போயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். பட்டினியும் கடனும் நிலத்தைப் பிடுங்கும் இரண்டு கைகள். உரக்கடன் குறைந்தால் அதில் ஒரு கையின் பிடி தளரும். மற்றக் கையை நாம் சங்கமாக நின்று தளர்த்த வேண்டும்.

தோழர்களே! வரும் கோடை மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்தக் கூட்டம் கலைவதற்கு முன் உங்களில் பத்துப் பேர் பெயர் கொடுங்கள். ஆளுக்குப் பத்து சென்ட். யார் எந்த விதை என்பதை இங்கேயே முடிவு செய்வோம். வேளாண் அலுவலகத்துக்கு எல்லோரும் சேர்ந்தே போவோம். தனியாகப் போகிறவனை வாசலில் நிறுத்துவார்கள், பத்துப் பேரை உட்காரச் சொல்வார்கள். குத்தகைதாரர் பெயர்களை எழுதிய மனுவையும் அதே கையோடு கொண்டுபோவோம்.

விதையும் மனுவும் ஒரே பையில் இருக்கட்டும்!